அப்பாவின் ஈறும் அப்பாவின் சர்க்கரையும்

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 58 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வருகிறது, கீழ்ப்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. வலி கிடையாது. இதைக் கவனிக்காமல் விட்டால் சர்க்கரை ஏறும், இதயமும் கெடும் என்று பல் மருத்துவர் சொன்னார். ஈறுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம், சும்மா பயமுறுத்துகிறார் என்று அப்பா போக மறுக்கிறார். உண்மையில் ஈறு நோய் உடம்பைப் பாதிக்குமா?"

நான் ஈறு நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் பல் மருத்துவர். இந்தக் கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் அடிக்கடி கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். சர்க்கரை விஷயத்தில் அந்த மருத்துவர் சொன்னது சரி. அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இதயத்தைப் பொறுத்தவரை, ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருகிறது என்பது வரை உறுதி. ஈறு நோய்தான் அதை வரவழைக்கிறது என்பது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அழுத்தத்தோடு சொன்னால் கேட்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அப்பாவின் சந்தேகத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்தால் அவர் சிகிச்சைக்கே போகாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை.

ஈறில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது புரியும். பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கும். நாக்கால் தடவினால் மாவு மாதிரி வழவழவென்று தெரியுமே, அதுதான். அது முழுக்க உயிருள்ள கிருமிகள். வாயில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைக் கிருமிகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை நம்மோடு சமாதானமாக வாழ்பவை. படலத்தை அகற்றாமல் விட்டால் அது தடிக்கிறது, ஈறின் விளிம்புக்குக் கீழே இறங்குகிறது. உமிழ்நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகுகிறது. காரை இறுகிவிட்டால் எந்த பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. கிருமிகளை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது.

இதற்கு எவ்வளவு நாள் ஆகும்? 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி ஒழுங்காகத் தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. பல் மருத்துவத்தில் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு தெளிவாக ஒரு காரணத்தைக் காட்டிய ஆய்வு அதிகம் இல்லை. அந்தக் கட்டத்தில் நோய் முழுக்க நம் கையில் இருக்கிறது.

அடுத்த கட்டம் அப்படி இல்லை. எல்லோருக்கும் அது வருவதில்லை. ஆனால் பரம்பரை, புகைப் பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவற்றால் சிலருக்கு அழற்சி ஈறோடு நிற்காமல் உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் தாடை எலும்பையும் கரைக்க ஆரம்பிக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஒரு பள்ளம் உருவாகும். ஆரோக்கியமான ஈறில் அந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். 4, 5 என்று போனால் பிரஷ் அங்கே எட்டாது. 6, 7 என்றால் பல் ஆடத் தொடங்கியிருக்கும். முந்தைய தலைமுறை பயோரியா என்று சொன்னது இதைத்தான். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. உங்கள் அப்பா இருப்பது அநேகமாக இந்தக் கட்டத்தில். வலி இல்லாததுதான் இந்த நோயின் மோசமான குணம். பல் சொத்தை ஒரு கட்டத்தில் தூங்கவிடாமல் செய்து நம்மை மருத்துவரிடம் அனுப்பிவிடும். ஈறு நோய் இருபது வருடம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, பல் கையோடு வரும் நாளில்தான் தெரியும்.

இது அபூர்வமான நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய் நலம் பற்றிய அறிக்கை, கடுமையான ஈறு நோய் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

சரி, வாய்க்குள் இருக்கும் இந்தப் பிரச்சினை உடம்புக்குள் எப்படிப் போகும்? அந்தப் பள்ளத்தின் உட்சுவரை யோசித்துப் பாருங்கள். நோயுற்ற ஈறில் அந்தச் சுவரின் தோல் மெலிந்து, அங்கங்கே கிழிந்து, புண்ணாக இருக்கும். ஒரு பல்லைச் சுற்றி என்றால் சின்ன இடம்தான். ஆனால் கடுமையான நோயில் வாய் முழுவதும் உள்ள அந்தச் சுவர்களைக் கூட்டிப் பார்த்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதே அளவு புண் கையில் ஆறாமல் பத்து வருடம் இருந்தால் எந்த வீட்டிலும் சும்மா விட மாட்டார்கள். ஈறுக்குள் மறைந்திருப்பதால் விட்டுவிடுகிறோம்.

இந்தப் புண்ணிலிருந்து இரண்டு விஷயம் ரத்தத்துக்குப் போகிறது. ஒன்று, கிருமிகள். மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும்கூடக் கொஞ்சம் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. ஈறு வீங்கியிருந்தால் இன்னும் அதிகமாக. ஆரோக்கியமானவர் உடம்பு அவற்றை நிமிடங்களில் அழித்துவிடும். இரண்டாவது, அழற்சியின் ரசாயனங்கள். ஈறில் நடக்கும் சண்டையில் சுரக்கும் சில புரதங்கள் ரத்தம் வழியாகக் கல்லீரலைத் தூண்டுகின்றன. கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்பதைக் காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான் இந்த சி.ஆர்.பி. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இது சராசரியாகக் கூடுதலாக இருக்கிறது, சிகிச்சைக்குப் பிறகு குறைகிறது. இதன் பொருள், உடம்பு முழுவதும் குறைந்த சூட்டில் ஒரு அடுப்பு எப்போதும் எரிகிறது என்பதுதான்.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். உங்கள் அப்பாவுக்கு முக்கியமானதும் இதுதான்.

இங்கே தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து அதிகமாக இருந்தால், அது உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஒரு வகைக் கழிவை உண்டாக்குகிறது. அந்தக் கழிவு ஈறின் செல்களில் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன, வெள்ளணுக்களின் வேலை மந்தமாகிறது, புண் ஆற நேரம் எடுக்கிறது. அதே அளவு படலம் இருந்தாலும் சர்க்கரை கட்டுப்படாதவரின் ஈறு அதிகமாக அழிகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா பழங்குடியினரிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் மிக அதிகம். அவர்களிடம் பல வருடங்கள் நடந்த ஆய்வுகளில், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருப்பது தெரியவந்தது. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய்கள், ஆறாத புண் ஆகிய ஐந்துக்கு அடுத்து, ஈறு நோய் சர்க்கரையின் ஆறாவது பாதிப்பு என்று 1993இல் எழுதியவர், மேலே சொன்ன அதே ஹரால்ட் லோ.

இது ஒரு பக்கம். எதிர்த்திசையில் என்ன நடக்கிறது? ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் அழற்சி ரசாயனங்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதே பீமா மக்களிடம், ஆய்வு தொடங்கியபோது கடுமையான ஈறு நோய் இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாவது அதிகமாக இருந்தது.

அப்படியானால் ஈறைச் சரிசெய்தால் சர்க்கரை குறைய வேண்டும் அல்லவா? இந்தக் கேள்விக்குத்தான் நல்ல பதில் இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை வைத்துப் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2022இல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட ஹெச்பிஏ1சி 3-4 மாதத்தில் 0.43 புள்ளியும், ஆறு மாதத்தில் 0.30 புள்ளியும், ஒரு வருடத்தில் 0.50 புள்ளியும் குறைவாக இருந்தது.

அரைப் புள்ளி சின்ன எண் போலத் தெரியும். அப்படி நினைக்க வேண்டாம். பிரிட்டனில் நடந்த மிகப் பெரிய சர்க்கரை நோய் ஆய்வில், ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண் ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. அதில் பாதியைப் பல்லைச் சுத்தம் செய்து பெற முடியும் என்றால் நான் அதை லேசில் விடமாட்டேன்.

முழு நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் எதிர்மறை ஆய்வையும் சொல்ல வேண்டும். 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில் சிகிச்சைக்குப் பிறகு ஹெச்பிஏ1சி குறையவே இல்லை. அதைப் படித்தபோது எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஆய்வின் விவரங்களுக்குள் போனால், சிகிச்சைக்குப் பிறகும் பலருக்குப் பல்லில் படலமும் ஈறில் ரத்தமும் கணிசமாகத் தொடர்ந்திருந்தது. அணையாத அடுப்பை அணைந்ததாக எடுத்துக்கொண்டு சூட்டை அளந்தது போல. 2018இல் லண்டனில் 264 பேரிடம் நடந்த சோதனையில் தேவைப்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு என்று தீவிரமாகச் செய்தார்கள். ஒரு வருடத்தில் 0.6 புள்ளி வித்தியாசம் கிடைத்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பேருக்கு ஒரு தடவை சுத்தம் செய்தால் சர்க்கரையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஈறு உண்மையிலேயே ஆற வேண்டும்.

இன்னொன்று. சர்க்கரை இருப்பதே தெரியாமல் ஈறு நோய்க்காக வருபவர்கள் உண்டு. ஈறில் அடுத்தடுத்து சீழ்க் கட்டி, வயதுக்குப் பொருந்தாத எலும்புக் கரைவு என்று பார்த்தால் நாங்கள் முதலில் சர்க்கரைப் பரிசோதனைக்குத்தான் அனுப்புவோம்.

இதயத்துக்கு வருவோம். 1989இல் பின்லாந்தில், மாரடைப்பு வந்தவர்களுக்கு மற்றவர்களைவிட வாய் நலம் மோசமாக இருந்தது என்று ஒரு குழு வெளியிட்டதிலிருந்து இந்தப் பேச்சு சூடுபிடித்தது. சுவீடனில், முதல் மாரடைப்பு வந்த 805 பேரையும், அதே வயதில், அதே பகுதியில், மாரடைப்பு வராத 805 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஈறு நோய் முதல் பிரிவில் 43 சதவீதம், இரண்டாவதில் 33 சதவீதம். புகைப் பழக்கம், சர்க்கரை போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் 28 சதவீதக் கூடுதல் அபாயம் மிஞ்சியது. இதயத் தமனிகளில் படியும் கொழுப்புத் திட்டுகளுக்குள் ஈறுக் கிருமிகளின் தடயங்களைப் பலர் கண்டெடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறொன்று. 2007இல் கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரிடம், சிலருக்குத் தீவிரச் சிகிச்சையும் சிலருக்குச் சாதாரணச் சுத்தமும் செய்து, ரத்தக் குழாய் எவ்வளவு நன்றாக விரிகிறது என்று அளந்தார்கள். தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் ரத்தக் குழாயின் இயக்கம் மோசமானது. ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாக ஆனது. முதலில் மோசமாகிப் பிறகு தேறியதுதான் முக்கியம். ஈறில் நாம் செய்வது கையிலுள்ள ரத்தக் குழாய் வரை எட்டுகிறது என்பதை அது நேரடியாகக் காட்டிவிட்டது.

அப்படியிருந்தும் ஏன் நிரூபணம் ஆகவில்லை என்கிறேன்? புகை, சர்க்கரை, வயது, வறுமை, மன அழுத்தம் எல்லாம் ஈறையும் கெடுக்கின்றன, இதயத்தையும் கெடுக்கின்றன. ஒரே ஆளிடம் இரண்டு நோயும் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்ததா, இரண்டையும் மூன்றாவது ஒன்று கொண்டுவந்ததா என்று பிரிப்பது கஷ்டம். அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் எல்லா ஆதாரங்களையும் அலசி, மற்ற காரணங்களைக் கழித்த பிறகும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய் இதய நோயை உண்டாக்குகிறது என்றோ, ஈறுச் சிகிச்சை அதைத் தடுக்கிறது என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்றது. மாரடைப்பின் எண்ணிக்கை குறைகிறதா என்று தீர்க்க ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு ஈறு நோய் இருந்தும் சிகிச்சை கொடுக்காமல் காக்க வைக்க வேண்டும். எந்த மனசாட்சியுள்ள மருத்துவர் அதற்கு ஒப்புவார்?

ஒரே ஒரு இதயப் பிரச்சினையில் மட்டும் வாய்க்கு நேரடிப் பங்கு உண்டு. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பு இதய உட்சுவர்த் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்கு, வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் ஒட்டி வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் பல் சிகிச்சைக்கு முன் இதயத்தில் ஏதாவது செய்திருக்கிறதா என்று கேட்கிறோம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் ஈறில் ரத்தம் வருவதை ஒரு நாளும் அலட்சியம் செய்யாதீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். பல் மருத்துவர்கள் "வாயால் உடம்பு கெடுகிறது" என்று சொல்ல நெடுங்காலம் தயங்கினார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியலில் பேசும்போது, வாயில் இருக்கும் சீழ்தான் மூட்டுவலி முதல் ரத்தசோகை வரை பலவற்றுக்கும் மூலம் என்றார். அடுத்த இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு மேற்கு நாடுகளில் மூட்டுவலி என்று போனவர்களுக்குக்கூட நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். அமெரிக்காவின் ட்ரென்டன் நகரிலிருந்த மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர் மனநோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார். அதனால் யாருக்கும் மனம் தெளியவில்லை. 1938இல் ரஸ்ஸல் செசில் என்ற மூட்டுநோய் மருத்துவர் இருநூறு நோயாளிகளை ஆராய்ந்து, பல் பிடுங்கியதால் மூட்டுவலிக்குப் பலன் இல்லை என்று எழுதினார். அவரே முன்பு அந்தக் கொள்கையை ஆதரித்தவர். இந்த வரலாறு மனதில் இருப்பதால்தான், இன்று யாராவது எல்லா நோய்க்கும் ஈறுதான் காரணம் என்று எழுதினால் எனக்கு உடனே எச்சரிக்கை மணி அடிக்கிறது.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலில், குறிப்பாகப் படுக்கையில் இருக்கும் முதியவர்களிடம், ஆதாரம் வலுவானது. தூக்கத்தில் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கும்போது வாயின் கிருமியும் கூடவே போகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர்கள் பல் தேய்த்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம். ஒரு பிரஷ் இதைச் செய்திருக்கிறது. வீட்டில் எழுந்திருக்க முடியாத பெரியவர் இருந்தால் அவர் வாயைச் சுத்தம் செய்வது மருந்து கொடுப்பதற்குச் சமமான வேலை. பல்செட் போட்டிருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சட்டென்று வீங்கும். ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1996இல் தொடங்கிய பேச்சு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. 2006இல் 823 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில் சிகிச்சையால் ஈறு தேறியது, தாய்க்கும் குழந்தைக்கும் எந்தக் கெடுதலும் இல்லை, ஆனால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. ஆகவே கர்ப்ப காலத்தில் ஈறுச் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம், அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் சுவாரசியமான ஒரு சங்கிலி இருக்கிறது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுக் கிருமிக்கு, நம் புரதங்களை லேசாக மாற்றிவிடும் ஒரு நொதி உண்டு. மாறிய புரதத்தை அந்நியன் என்று எண்ணி உடம்பு எதிர்க்கத் தொடங்குவதுதான் முடக்குவாதத்தின் அடையாளம். எந்த அளவுக்கு இது நோயின் தொடக்கம் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. இதே கிருமியின் தடயம் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருப்பதாக 2019இல் வந்த செய்தி உலகம் முழுவதும் பரவியது. அந்தக் கிருமியின் நொதியைத் தடுக்கும் மருந்தை 643 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தபோது ஞாபகச் சரிவை மருந்து தடுக்கவில்லை. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைப் பகிரவில்லை.

இனி அப்பாவை என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஆடுகிற பல்லைப் பிடுங்கவா கூப்பிடுகிறார்கள் என்ற பயம் அவருக்கு உள்ளுக்குள் இருக்கலாம். முதல் வருகையில் நடப்பது அளவெடுப்பது மட்டும்தான் என்று சொல்லுங்கள். மழுங்கிய முனையுள்ள மெல்லிய அளவுகோல் ஒன்றை வைத்து ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி அறிக்கையையும் கொண்டு போங்கள். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச வகைப்பாட்டில், ஹெச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தாலே ஈறு நோய் வேகமாகப் போகும் வகையில் சேர்க்கப்படும். தினம் பத்து சிகரெட் பிடித்தாலும் அதே வகைதான். அப்பா புகைப்பவர் என்றால் இன்னொரு விஷயம். புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தம் வருவதை மறைத்துவிடும். நோய் இருக்கும், அடையாளம் தெரியாது. புகையை விட்டுவிட்டால் சில வாரங்களில் ரத்தம் அதிகமாக வருவதுபோலத் தோன்றலாம், அதற்காகப் பயந்து மறுபடி பற்றவைக்க வேண்டாம்.

மாத்திரைச் சீட்டு முழுவதையும் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அதையும் பல் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சைக்குக் காலையில் போவது நல்லது. வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் சர்க்கரை இறங்கி மயங்குவதைத் தவிர்க்கலாம்.

சிகிச்சை என்பது ஈறுக்கு மேலும் கீழும் இருக்கும் காரையையும் படலத்தையும் சுரண்டி எடுப்பது. ஆழமான இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று அப்பா கேள்விப்பட்டிருப்பார். எலும்பு கரைந்து காலியான இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது, வீங்கிய ஈறு மூடிக்கொண்டிருந்தது. இரண்டும் போனதும் முன்பே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சில வாரம் பல் கூசும். பிறகு ஈறு இறுகும்போது லேசாக ஆடிய பல் உறுதியாவதும் உண்டு. ஆன்டிபயாட்டிக் மட்டும் போதுமா என்று கேட்பார்கள். படலத்துக்குள் இருக்கும் கிருமியிடம் மருந்து சரியாகப் போய்ச் சேராது, கையால் கலைத்தே ஆக வேண்டும். வாய் கொப்பளிக்கும் மருந்தும் ஆழமான பள்ளத்துக்குள் இறங்காது.

வீட்டில் செய்வது அதைவிட முக்கியம். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன அசைவுகளாக, காலையும் இரவும் இரண்டு நிமிடம். ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ரத்தம் வரும் இடத்தில்தான் படலம் இருக்கிறது, அங்கேதான் மெதுவாக, ஆனால் கட்டாயமாகத் தேய்க்க வேண்டும். அப்பாவுக்குப் பற்களின் நடுவே இடைவெளி விழுந்திருக்கும், அதனால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைவிடப் பல்லிடுக்கு பிரஷ் அவருக்கு வசதி. எந்த அளவு பிரஷ் என்பதை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். உடம்பில் காரணமில்லாமல் நீலத் தடிப்புகள், கடும் களைப்பு, தொடாமலே ஈறில் ரத்தம் என்று சேர்ந்து வந்தால் மட்டும் அது ஈறின் விஷயமாக இல்லாமல் இருக்கலாம், உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அப்பாவிடம் இதயத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்பது என் யோசனை. நிரூபிக்காததைச் சொல்லி ஒருவரை அசைக்க முடியாது. அவருக்கு நம்பிக்கை வருவது எண்களைப் பார்த்தால்தான். சிகிச்சை தொடங்கும் நாளில் ஈறின் ஆழங்களையும் ஹெச்பிஏ1சியையும் ஒரே காகிதத்தில் எழுதி வையுங்கள். இடையில் சர்க்கரை மருந்தையும் உணவையும் மாற்றவில்லை என்றால் ஒப்பிடுவது சுலபம். மூன்று மாதம் கழித்து ஈறை மறுபடி அளக்கும்போது ரத்தத்தையும் பரிசோதித்து, பக்கத்திலேயே எழுதி அப்பாவின் கையில் கொடுங்கள்.